பெட்டிக்கு ஒரு டிக்கெட்

இந்தத் தீவுகளில் உயிருள்ளது, உயிரில்லாதது என்று எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்த ஒரே மனிதர் கிலோ பாபுதான். அபர்டீன் பஜார் வியாபாரிகள் வைத்த பெயர் அது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் எங்கள் எடை அளவைப் பிரிவின் இன்ஸ்பெக்டர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வழங்கல் அலுவலகத்தின் மூலையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மழை பெய்தால் ஒரு நாற்காலிதான். இன்னொன்றின் மேல் கூரை ஒழுகும். அங்கிருந்துதான் தீவுகளின் வியாபாரம் முழுவதையும் நேராக்கக் கிளம்பினோம். வங்காளிகள் சேர் கணக்கில் விற்றார்கள். நம்மவர்கள் படியால் அளந்தார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் வீசையை விட்டு இறங்க மாட்டார்கள். மீன் சந்தையில் ஒருவர் படகு எஞ்சினின் நட்டுகளையே எடைக்கல்லாக வைத்திருந்தார். எஞ்சின் ரிப்பேரானால் அன்றைக்குக் கடை கிடையாது. இத்தனை பேரிடமும் "இனிமேல் கிலோ" என்று சொல்ல அரசாங்கம் அனுப்பிய ஆள் இவர் ஒருவர்தான்.

மெயின்லேண்டில் இயற்பியல் படித்துவிட்டு லம்பா லைன் வீட்டுக்குத் திரும்பியிருந்த நான், அவருக்கு லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முதல் நாள் அவர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸை வாங்கித் தராசில் வைத்தார்.

"பத்தாதும்மா. நாளையிலேர்ந்து ரெண்டு இட்லி கூட வெச்சு எடுத்துட்டு வா."

அவர் எடை போட்டவற்றில் எனக்குத் தெரிந்தவை இவை: கல்யாண வீட்டு லட்டு, தபால்காரரின் பை, மேலதிகாரியின் நாய், மழைக்கு முன்னும் பின்னும் தன்னுடைய குடை. தவிர, தினமும் காலையில் தன்னையே நிறுத்துக்கொள்வார். ஐம்பத்தாறு கிலோ. கூடாது, குறையாது.

"நேத்து விருந்து சாப்பிட்டீங்களே சார்?"

"சாப்பிட்டேன். அப்புறம் ஜங்கிளிகாட் வரைக்கும் நடந்தேன். எடை போடறவன் எடை மாறலாமா?"

கடைகளில் சோதனைக்குப் போனால் டீ குடிக்க மாட்டார். தண்ணீர் வாங்க மாட்டார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். "நான் குடிச்சா என் தராசு குடிச்ச மாதிரி" என்பார். அதற்காகவே வீட்டிலிருந்து ஒரு முக்காலியைச் சுமந்து வருவார்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பெட்டி! சோதனைப் படிக்கற்கள் வைத்த தேக்குப் பெட்டி. ஆபீஸ் ஜீப்பில் முன் இருக்கை அதற்குத்தான். இன்ஸ்பெக்டரும் நானும் பின்னால் குலுங்கிக்கொண்டு போவோம். பஸ்ஸில் போனால் மூன்று டிக்கெட் கேட்பார்.

"தீஸ்ரா கோன் ஹை, பாபு?" என்று கண்டக்டர் மூன்றாவது ஆளைத் தேடுவார்.

"பெட்டி."

"சாமானுக்கு டிக்கெட் நஹி லக்தா."

"இது சாமான் இல்லப்பா. சர்க்கார்!"

ஒரு முறை ஒரு கண்டக்டர் பேசி அலுத்து அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கிலோ பாபு பஸ்ஸையே நிறுத்திவிட்டார். "அரை டிக்கெட்டா? அது என்ன சின்னப் பிள்ளையா?"

அப்படிப்பட்ட பெட்டியோடு ஒரு அறுவடைக் காலத்தில், வடக்கே இன்னொரு தீவில் இருக்கும் ரங்கத் என்ற ஊருக்குப் படகில் போனோம். காட்டை வெட்டி வயலாக்கிய வங்காளிக் குடியேறிகளுக்கு அதுதான் விற்கும் அளவுக்கு விளைந்த முதல் நெல். அரசாங்கத்துக்காக ஒரு கான்ட்ராக்டர் அதை வாங்க வந்திருந்தார். அவருடைய மூட்டைத் தராசு சரிதான் என்று நாங்கள் முத்திரை வைத்தால்தான் கொள்முதல் தொடங்கலாம்.

கடல் அன்று கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. கிலோ பாபு வழியெல்லாம் வாந்தி எடுத்தார். பெட்டியை மட்டும் விடவில்லை. ரங்கத் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கால் வைத்ததும் அவருக்குத் தலை சுற்றியது. பெட்டி கைநழுவி, ஜெட்டி விளிம்பில் மோதித் திறந்து, கடலில் விழுந்தது.

படகுக்காரர் குதித்து முழுகி எல்லாக் கற்களையும் எடுத்துவிட்டார். ஆனால் பெரிய கற்களின் முனை உடைந்திருந்தது. மிச்சமிருந்த சின்னக் கற்களை வைத்து மூட்டைத் தராசைச் சோதிக்க முடியாது.

கான்ட்ராக்டர் முகம் மலர்ந்தது. "சலேகா பாபு, பரவாயில்ல! பழைய முத்திரை இருக்கே, அதுலயே வாங்கிடறேன்."

"அது போன வருஷத்து முத்திரை."

"அப்ப விடுங்க. கடல் வத்தறதுக்குள்ள என் படகு கிளம்பிடும்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூட்டைகள் வெட்டவெளியில் கிடந்தன. குடியேறிகளில் வயதான பெண் ஒருவர், மாஷி என்று எல்லோரும் கூப்பிடுபவர், ஓடி வந்தார். "பாபு, பாரிஷ் ஆயேகா! தான் பீக் ஜாயேகா!" மழை வந்தால் நெல் நனைந்துவிடும், நனைந்த நெல்லை யார் வாங்குவார்கள்? எடை குறைந்தாலும் போகட்டும், விற்றுவிடலாம் என்று அவர்கள் மனம் தளர்வது தெரிந்தது.

கிலோ பாபு திடீரென்று சட்டைப் பையைக் காலி செய்தார். செருப்பைக் கழற்றினார்.

"நானே படிக்கல். ஐம்பத்தாறு கிலோ. போடுங்க!"

கான்ட்ராக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "வழியெல்லாம் வாந்தி எடுத்தீங்களே பாபு! அது எத்தனை கிலோ?"

கிலோ பாபு வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். என் கை பையில் இருந்த ஒரு லிட்டர் செப்பு அளவையில் பட்டது. பால்காரர்களுக்காகக் கொண்டு வந்தது.

"சார்! ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ!"

அவர் துள்ளினார். "டிரம் கொண்டாங்க!"

"அதான் இவ்வளவு கடல் இருக்கே" என்று கான்ட்ராக்டர் கையைக் காட்டினார்.

"உப்புத் தண்ணி கனம்யா! கிணத்துத் தண்ணி!"

மாஷி கத்திய கத்தலில் ஊரே குடமும் வாளியுமாக ஓடியது. காலி டிரம்மைத் தராசில் வைத்துக் குறித்துக்கொண்டேன். பிறகு நான் அளந்து ஊற்ற ஊற்ற, ஜெட்டி முழுக்க ஒரே குரலில் எண்ணியது. ஐம்பது என்றபோது விசில் பறந்தது. அந்த அமர்க்களத்திலும் கிலோ பாபு என் காதருகே குனிந்தார்.

"இந்த ஊர்க் கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்மா. சூட்டுக்குக் கொஞ்சம் கழிச்சியா?"

கழித்தேன். கழித்த பிறகும் தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது! மூட்டைக்கு மூட்டை அத்தனை நெல் கான்ட்ராக்டருக்குச் சும்மா போயிருக்கும். கிலோ பாபு தராசுக் கம்பின் மறுமுனையில் எடைக்குத் தொங்கிய குண்டைத் திருப்பி அடியைச் சுரண்டினார். உள்ளே அடைத்திருந்த ஈயம் வந்தது. மறுபடி நிறுத்தோம். சரியாக நின்றது. முத்திரை அடித்த சத்தத்தில் ஜெட்டியே ஆடியது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

கான்ட்ராக்டர் அந்தத் தராசிலேயே மூட்டைகளை நிறுத்து வாங்கினார். கடைசி மூட்டை படகின் தார்ப்பாய்க்குள் போனதும் மழை கொட்டியது. மாஷி டீ கொண்டு வந்தார். கிலோ பாபு கும்பிட்டு மறுத்துவிட்டு, நனைந்தபடியே தராசில் ஏறி நின்றார்.

"ஐம்பத்தஞ்சு! பாத்தியாம்மா, கடல் என்கிட்டேர்ந்து ஒரு கிலோ எடுத்திருக்கு!" அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சட்டையில் ஊறிய மழைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றலானது. வியாபாரிகள் வெள்ளித் தட்டு கொடுத்தார்கள்; வாங்கவில்லை. சால்வை போட்டார்கள், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கப்பல் புறப்படும் நாள் காலை, ரங்கத்திலிருந்து மாஷி அலுவலகத்துக்கு வந்தார். கையில் புது அரிசி முடிந்த ஒரு துணிப் பொட்டலம். கிலோ பாபு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் பழக்க தோஷத்தில் தராசை அருகே இழுத்தேன்.

"வேணாம்மா" என்றார். "இதைப் போட வேணாம்."

வெளியே வந்து, பொட்டலத்தை ஜீப்பின் முன் இருக்கையில் வைத்தார். நாங்கள் இருவரும் பின்னால் ஏறி, ஜெட்டி வரைக்கும் குலுங்கிக்கொண்டே போனோம்.