நான்கு துளைகளும் ஒரு தேர்வுக் குழுவும்

ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த உலகம் இனிமேல் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். தற்பெருமை என்று நினைத்துவிடாதீர்கள், கையில் ஆதாரம் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. எல்லாப் பக்கங்களுக்கும் எண் போட்டிருக்கிறேன்.

என் மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய வலது முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. குளியலறையில் அவர் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வேண்டும் என்றாள் என் மனைவி. சொன்னதோடு நிற்காமல் கம்பியையும் வாங்கி வந்து வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். அதை மாட்ட நான்கு துளைகள் போட வேண்டும், ஒரு பக்கத்துக்கு இரண்டு. இதோடு வேலை முடிந்தது என்று விவரம் தெரியாதவர்கள் நினைக்கலாம்.

நான் விவரம் தெரிந்தவன். ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். என் கையெழுத்தில்லாமல் அங்கே ஒரு குண்டூசிகூட உள்ளே வந்ததில்லை. என் கையெழுத்தோடும் அதிகமாக ஒன்றும் வந்ததில்லை.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், செருப்புத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஒரு ஜோடிச் செருப்பில் இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் சோகமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவர். இப்படி இரண்டு பேர் ஒரே குடும்பத்தில் அமைவது அபூர்வம். அன்றே ‘ட்ரில் தேர்வுக் குழு’ உருவானது. தலைவர் நான், உறுப்பினர் அவர்.

முதல் கூட்டத்திலேயே மச்சான் ஒரு தொலைநோக்குக் கேள்வியை எழுப்பினார்.

"அத்தான், சுவருக்கு மட்டும் ட்ரில் வாங்கிட்டா, படகுக்கு என்ன பண்றது?"

கேள்வியை அப்படியே குறிப்பில் ஏற்றினேன். மாமனாருக்கு ஒரு சின்னப் படகு உண்டு. கொல்லையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கவிழ்ந்து கிடக்கிறது. உட்காரும் பலகை கழன்றுவிட்டது, அதற்கும் ஆறு துளை வேண்டும். படகு கிடக்கும் இடத்தில் மின்சாரம் கிடையாது. ஆகவே ஒயர் இல்லாத, பேட்டரியில் ஓடுகிற ட்ரில்தான் வேண்டும். அது டைல்ஸைத் துளைக்கும் அளவுக்கு முரடாகவும், பழைய மரத்தைப் பிளக்காத அளவுக்குச் சாதுவாகவும், ஈரத்தில் துருப்பிடிக்காததாகவும் இருக்க வேண்டும். ‘வீட்டுக்கும் படகுக்கும் ஒரே ட்ரில்’ என்ற கொள்கை ஏகமனதாக நிறைவேறியது. மாமனார் குறுக்கே ஏதோ சொன்னார்.

"எனக்கு முதல்ல குளிக்கணும் மாப்பிள்ளை. படகெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

பயனாளியின் கருத்து நன்றியுடன் பதிவு செய்யப்பட்டது.

அடுத்த நான்கு மாதம் நாங்கள் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமில்லை. முந்நூறு வீடியோ பார்த்தோம். ஊர் பேர் தெரியாத ஒருவர் கான்கிரீட் கட்டியில் ஐம்பது துளை போடுவதை மச்சான் கண் கலங்கப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட்டா பதினெட்டு வோல்ட்டா என்ற விவாதத்தில் இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடிதம் மூலம் தொடர்புகொண்டோம். கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது மாமனார்தான், அந்த முழங்காலோடு.

பிறகு மச்சான் அந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தார்.

"அத்தான், ட்ரில் முக்கியமில்ல. பேட்டரிதான் முக்கியம். முதல்ல நல்ல பேட்டரியா வாங்கிடணும். ட்ரில் தானா அமையும்."

அதில் இருந்த தெளிவு என்னை உலுக்கிவிட்டது. ஒரு நல்ல கம்பெனியின் பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று, ட்ரில் பிட் முப்பத்தாறு, தூசி படாமல் கண்ணில் மாட்டும் கண்ணாடி இரண்டு, எல்லாவற்றையும் வைக்க ஒரு பெட்டி வாங்கினோம். பெட்டியின் நடுவே ட்ரில் வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ஞாயிறுதோறும் பேட்டரிகளைச் சார்ஜ் செய்து, பச்சை விளக்கு எரிவதைக் குடும்பத்தோடு பார்ப்போம்.

ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அந்தப் பேட்டரி பொருந்துகிற ட்ரில் எதுவும் படகுக்கு ஒத்துவரவில்லை. படகுக்கு ஒத்துவந்த ட்ரில்லில் அந்தப் பேட்டரி நுழையவில்லை. அவசரப்பட்டு ஒரு ட்ரில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டோம்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் நேர்மைக்குச் சோதனை வந்தது. கூடத்து ஃபேனைச் சரிசெய்ய எலெக்ட்ரீஷியன் வந்தார். போகும்போது வாஷிங் மெஷின் மேலிருந்த கம்பியைப் பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு சார் சும்மா கிடக்குது?"

"குளியலறையில மாட்டணும். ட்ரில் தேர்வு நடந்துக்கிட்டிருக்கு," என்றேன்.

"நாலு ஓட்டைதானே சார். பையில ட்ரில் இருக்கு. பத்து நிமிஷம், போட்டுட்டுப் போறேன்."

மனைவி ஓடிவந்து குளியலறை விளக்கைப் போட்டாள். மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஆனால் மச்சான் அந்த ட்ரில்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒயர் இருந்தது. கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"எந்த வருஷத்து மாடல்?" என்று கேட்டார்.

"தெரியாது சார். எங்க அண்ணன் குடுத்தது. சுத்துது."

"டார்க், அதாவது முறுக்கு விசை, எவ்வளவு?"

"அதான் சொன்னேனே சார். சுத்துது."

நான் எலெக்ட்ரீஷியனைத் தட்டிக்கொடுத்து வாசல்வரை வழியனுப்பி வைத்தேன். தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது வெளி ஆள் வந்து துளை போட்டுவிட்டால் நான்கு மாத ஆய்வுக்கு என்ன மரியாதை? என் முடிவைப் பாராட்டி மச்சான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிய ஆளில்லாததால் நானே வழிமொழிந்தேன்.

மனைவி குளியலறை விளக்கை அணைத்தாள். அன்றிலிருந்து மாமனார் குளிக்கப் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நிற்பாள். தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டால் "அப்பா?" என்பாள். "இருக்கேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். இந்த ‘தற்காலிக ஏற்பாடு’ திருப்திகரமாக இயங்குவதாகப் பதினேழாவது கூட்டத்தில் பதிவு செய்தோம்.

இருபத்து மூன்றாவது கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கூடியது. மூன்று ட்ரில்கள் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தன. காலிங் பெல் அடித்தது. நாங்கள் இருவரும் விவாதத்தின் உச்சத்தில் இருந்ததால், குளியலறைக்கு வெளியே நின்றிருந்த மனைவிதான் போய்க் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அவள் வாசலில் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவள் அங்கிருந்தே "அப்பா?" என்றாள். பதில் வரவில்லை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் ஆபரேஷன் முடிந்து டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் செருகிக் காட்டினார். வெள்ளை எலும்பின் மேல் ஒரு தகடு இருந்தது. பார்க்க எங்கள் கம்பி மாதிரியே இருந்தது.

"தகடு வெச்சு நாலு ஸ்க்ரூ போட்டிருக்கேன். நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார்.

மச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "டாக்டர், எலும்புல எதை வெச்சு ஓட்டை போடுவீங்க?"

"ட்ரில்தான். பேட்டரி ட்ரில்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் நான் கேட்டேன். "அதை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "கையை நீட்டினேன், நர்ஸ் குடுத்தாங்க. வலியில இருக்கிறவரை வெச்சுக்கிட்டு எதைத் தேர்ந்தெடுக்கிறது?"

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கடமை தவறக்கூடாதென்று குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். பணி நிறைவு அறிக்கைக்கென்று கடைசிப் பக்கத்தை முதல் நாளே கோடு போட்டு வைத்திருந்தேன். எழுதினேன். போட வேண்டிய துளைகள்: நான்கு. போட்ட துளைகள்: நான்கு. இடம்: மாமனாரின் வலது தொடை எலும்பு. போட்டவர்: டாக்டர்.

மனைவி பக்கத்தில் வந்து நின்று படித்தாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். ‘டாக்டர்’ என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதற்கு மேல் என் பெயரையும் தன் தம்பி பெயரையும் எழுதினாள்.

குறிப்பில் தவறு இருந்தால் திருத்தும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை.