குகைக்குள் இருட்டுப் பொருள்

ஒரு காட்டில் ஒரு நரி உணவு அமைச்சராக இருந்தது. ஏன் நரி என்று கேட்காதீர்கள். மானும் முயலும் மேயப் போயிருந்த நேரத்தில் தேர்தல் முடிந்துவிட்டது.

கோடையில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று, மழைக்காலத்திலேயே எல்லா மிருகங்களும் கிழங்கும் கொட்டையும் கொண்டுவந்து மலைக்குகையில் போட்டுவைப்பது வழக்கம். வெளிச்சம் பட்டால் கிழங்கு கெட்டுவிடும் என்று சொல்லி நரி குகை வாசலைப் பாறையால் அடைத்துவிட்டது. உள்ளே போகும் உரிமை அமைச்சருக்கு மட்டும்.

பங்குனி பிறந்தது. ஓடை வற்றி மண் இறுகிப்போனதால் தோண்டித் தின்ன எதுவும் இல்லை. முள்ளம்பன்றி நரியிடம் வந்தது.

"ஐயா, நான் போட்ட கிழங்குல கொஞ்சம் குடுங்க. புள்ளைங்க எழுந்து நிக்கவே மாட்டேங்குதுங்க."

"கிழங்கு குறைஞ்சுபோச்சும்மா."

"யாரு எடுத்தாங்க?"

"யாரும் எடுக்கலை. தானா குறையுது."

இதைச் சொன்னபோது நரியின் வயிறு தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதவியில் இருப்பவர்களின் வயிற்றைப் பார்ப்பது அந்தக் காட்டில் மரியாதைக் குறைவு.

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கூட்டம் கூடிவிட்டது. அப்போதுதான் நரிக்கு ஆந்தையின் நினைவு வந்தது. உச்சிப்பாறையில் தொலைநோக்கி வைத்திருந்த அந்த ஆந்தை, வானமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கும் இருட்டுப் பொருள் காலப்போக்கில் சிதைகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. இருட்டுக் குகையில் இருப்பதும் இருட்டுப் பொருள்தானே என்று நரிக்குத் தோன்றியது. படித்த நரி.

நரி கூப்பிட்டனுப்ப, ஆந்தை பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"ஆந்தையம்மா, இருட்டுப் பொருள் தானா சிதையுமா சிதையாதா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அதுவரை ஆந்தையின் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு ஜீவனும் விசாரித்ததில்லை. வந்த மகிழ்ச்சியில் இது எதற்கு என்றுகூட அது கேட்கவில்லை.

"அதை நேராப் பார்க்க முடியாதுங்க. அதோட இழுப்பு மட்டும்தான் தெரியும். பிரபஞ்சம் குழந்தையா இருந்தப்போ கிளம்புன வெளிச்சம் இன்னமும் வந்துகிட்டு இருக்கு. அதைப் பார்த்தா அப்போ எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியும். இப்போ நட்சத்திரக் கூட்டங்கள் எப்படித் திரண்டு நிக்குதுன்னு பார்த்தா, இப்போ எவ்வளவு இருக்குன்னு தெரியும். நடுவுல நிறைய சிதைஞ்சிருந்தா, பிடி தளர்ந்து இவ்வளவு திரண்டிருக்காது."

"அப்போ சிதையலையா?" என்றது முள்ளம்பன்றி.

"சிதைஞ்சதுக்கு அடையாளமே இல்லை. அப்படியே சிதைஞ்சிருந்தாலும் நூத்துல நாலு பங்குக்கு மேல இருக்காது. அதைவிடக் கொஞ்சமா இருந்தா என் தொலைநோக்கிக்குப் பிடிபடாது."

நரி துள்ளி எழுந்தது. "கேட்டீங்களா? நாலு பங்கு குறையலாம்னு வானமே சொல்லுது!"

ஆந்தை பதறியது. "ஐயா, அது பிரபஞ்சம் பொறந்ததுலேருந்து இன்னிக்கு வரைக்கும் சேர்த்து!"

"பிரபஞ்சம் பெருசு, அதுக்கு அவ்வளவு காலம் ஆகும். நம்ம குகை சின்னது. ஒரு நாள் போதும்."

காட்டெருமைகள் குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்தன. புரியாத விஷயத்துக்கு ஆரவாரம் செய்வதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை.

"நான் அப்படிச் சொல்லலையே..." என்று ஆந்தை இழுத்தது.

"இன்னும் துல்லியமாப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேணும் இல்லையா ஆந்தையம்மா? நாளைக்கே ஏற்பாடு பண்ணிடறேன்."

ஆந்தை மெதுவாக, "அதுல கண்ணாடி எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டது.

முள்ளம்பன்றி எழுந்து போய்க் குகை வாசல் பாறையைத் தன் பலம் கொண்ட மட்டும் தள்ளித் திறந்தது. உள்ளே உரித்துப் போட்ட கிழங்குத் தோல் மட்டும் குவிந்து கிடந்தது. அதில் ஒரு வாய் கவ்விக்கொண்டு குட்டிகளிடம் ஓடியது. பெரிய குட்டிகள் மென்றன. கடைக்குட்டி வாயைத் திறக்கவில்லை. முள்ளம்பன்றி மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பிறகு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

காலி குகையைப் பார்வையிட்ட நரி, ஆராய்ச்சி முழு வெற்றி என்று அறிவித்தது. ஆந்தைக்கு மாலை போட்டார்கள்.

நீதி: பிரபஞ்சத்தில் எந்தப் பொருளும் தானாகச் சிதைவதில்லை, அதற்கென்று ஓர் அமைச்சர் வேண்டும்.