டைட்டானியத்தின் மேல் ஒரு புகார்

நேர்காணல் அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் அவருக்குக் காது அரிக்க ஆரம்பித்தது.

சாதாரண அரிப்பு இல்லை. கண்ணாடியின் காம்பு மாட்டும் இடத்தில் எறும்புகள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது போன்ற அரிப்பு.

அவர் ஒரு கம்பெனியில் கொள்முதல் அலுவலர். துடைப்பம் வாங்குவதானாலும் மூன்று கடையில் விசாரித்து, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுத்தான் வாங்குவார். இப்போது மேலாளர் நாற்காலி காலி. பத்து நாளில் நேர்காணல்.

"நிமிஷத்துக்கு ஒரு தரம் காதைச் சொறியிறவனை யாரு மேலாளர் ஆக்குவா?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"டாக்டர் எதுக்கு? இது நிக்கல் கலந்த பிரேம். சில பேர் தோலுக்கு ஆகாதாம். படிச்சுட்டேன்."

அன்று மாலையே பட்டியல் தயார். எடை, வியர்வை, உறுதி, அரிப்பு. பிளாஸ்டிக் முதலிடம் பிடித்தது.

"அசிடேட் பிளாஸ்டிக் சார். பருத்தியிலேர்ந்து பண்றது. குழந்தைக்கே மாட்டலாம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

புதுக் கண்ணாடி என்றால் முகமும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்க வேண்டாமா? அறிவிப்பு வந்த அன்று போலவே, ஞாயிற்றுக்கிழமையும் குளியலறைக்குள் போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை.

"உள்ள என்னங்க பண்றீங்க?"

"யோசிக்கிறேன்."

திங்கட்கிழமை காது சிவந்து பளபளத்தது.

"என்ன சார், வீட்ல அக்கா காதைத் திருகிட்டாங்களா?" என்றான் அதே பதவிக்குப் போட்டியிடும் பக்கத்து மேசைக்காரன். வயது முப்பத்தாறு.

"சிரிப்பா, சிரி. இப்பவே உனக்கு நரை. எனக்கு அம்பத்தஞ்சு. ஒண்ணு காட்டு பாப்போம்."

"அதை விடுங்க சார். காதைப் பாருங்க."

பட்டியலில் பிளாஸ்டிக்கைச் சிவப்பு மையால் அடித்தார். அடுத்தது நைலான். மாட்டியிருப்பதே தெரியாது என்றார் கடைக்காரர். புதன்கிழமை மறுபடியும் ஒரு மணி நேரக் குளியல். வியாழக்கிழமை காதுகள் உப்பி, காம்பு உட்கார இடமில்லாமல் போயிற்று.

"அப்பா, கண்ணாடி மூக்கை மட்டும் நம்பி நிக்குது" என்றாள் மகள்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. காம்புகளில் பஞ்சைச் சுற்றிக் கொடுத்தாள். இரண்டு காதிலும் பஞ்சு பொங்க அலுவலகம் போனவரை முதலாளி தனியே அழைத்தார்.

"உடம்பு முடியலன்னா சிரமப்படாதீங்க. அந்தப் பையனை மட்டும் பாத்து முடிச்சுக்கறோம்."

முதலாளி அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில்தான் அவர் ஆடிப்போனார்.

சனிக்கிழமை டைட்டானியம்.

"எலும்பு முறிஞ்சா உடம்புக்குள்ளயே வைக்கிற உலோகம் சார் இது" என்றார் கடைக்காரர். "எலும்புக்கே ஆகுது, காதுக்கு ஆகாதா?"

ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் ஒன்றரை மணி நேரம். இது கடைசி வாய்ப்பு அல்லவா.

நேர்காணல் நாள் காலை காதுகள் அடுப்பாக எரிந்தன. எந்தக் கண்ணாடியையும் மாட்ட முடியவில்லை. மனைவிதான் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்துக் கடைக்குக் கூட்டிவந்தாள். அவர் பையைத் திறந்து நான்கு கண்ணாடிகளையும் பட்டியலையும் மேசையில் பரப்பினார்.

"நாலு வகையும் போட்டாச்சு. பதினோரு மணிக்கு நேர்காணல். மனுஷக் காதுக்கு ஆகுற மாதிரி உங்க கடையில ஒண்ணுகூட இல்லையா?"

கடைக்காரர் டைட்டானியத்தை எடுத்துக் காம்பு நுனியை வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி கறுத்தது.

"பாத்தியா" என்று மனைவி பக்கம் திரும்பினார் அவர். பத்து நாளில் முதல் முறையாக முகத்தில் களை. "சாயம் போகுது. இந்த விஷம்தான் என் காதைத் தின்னுருக்கு."

கடைக்காரருக்கு வியர்த்தது. "இருபது வருஷமா விக்கிறேன். டைட்டானியம் சாயம் போய்ப் பாத்ததில்ல சார்."

"அப்ப இதென்ன? எழுதிக் குடுங்க. முதலாளிகிட்ட காட்டணும்."

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தார். துணியை வாங்கி முகர்ந்தார். புகார் சொன்னவரை உச்சியிலிருந்து காது வரை நிதானமாகப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் காது வெந்துச்சு. அந்த டை டப்பாவைத் தூக்கி எறிஞ்சேன், சரியாப்போச்சு. சாயம் போறது பிரேம் இல்ல சார், உங்க தலை."