ஒற்றைக்காதின் முதல் கண்காட்சி

"அந்தச் சுவர்க்கிறுக்கனை இன்னைக்கு நாலு பேர் முன்னாடி நிக்க வைக்கப் போறேன். நீயும் கண்காட்சிக்கு வந்து சேரு," என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள்.

மகள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். ஓவியக்கூடத்தின் பின்னறையில், கையில் ஒரு முகமூடியுடன். சுவர்க்கிறுக்கன் அவள்தான்.

பகலில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அதிகாலையில் தெருச் சுவர்களில் கரியால் படம். கையெழுத்துக்குப் பதில் ஒற்றைக் காதுள்ள பூனை. அம்மா குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஞாயிறுதோறும் அந்தப் படங்களின் மேல் வெள்ளையடிப்பாள். வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மகள்.

இந்த நிலைமையில்தான் 'ஒற்றைக்காது' என்ற பெயருக்கு அழைப்பு வந்தது. தனிக் கண்காட்சி; முகமூடியோடு வந்தால் போதும். யார் சிபாரிசு என்று அவள் கேட்கவில்லை. பாராட்டு வரும்போது யாரும் கேட்பதில்லை. நான்கு மாதம் உட்கார்ந்து பதினைந்து பலகைகள் வரைந்தாள்.

இப்போது பெரியம்மா மகனுக்கு அவசரமாகப் போன் போட்டாள்.

"அண்ணா, ஒரு மணி நேரம் முகமூடி போட்டுட்டு நில்லு. வாயை மட்டும் திறக்காதே."

"இவ்வளவுதானா? வந்துட்டேன்."

அண்ணன் காப்பீட்டு முகவர். தூக்கத்தில்கூட அவன் வாயை மூடியதில்லை.

விமர்சகர் ஒருவர் கிழிந்த குடைப் படத்தின் முன் நின்றார். "இதுல என்ன சொல்ல வர்றீங்க?"

"நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பம் நனையும் சார். உங்க வயசு என்ன?"

விமர்சகருக்குக் கண் கலங்கியது. 'பார்வையாளனை அவனது மரணத்தின் முன் நிறுத்துகிறார்' என்று குறித்துக்கொண்டார்.

அம்மா சங்க உறுப்பினர்கள் மூவருடன் வந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு படத்தின் முன்பும் நிதானமாக நின்றாள். பிறகு முகமூடியிடம் வந்தாள்.

"பூனைக்கு ஏன் ஒரு காதைக் காணோம்?"

"பலகையில இடம் பத்தல."

"என்ன எளிமை!" என்றார் ஓவியக்கூடத்தின் உரிமையாளர்.

"அப்படியா? எங்க, என் கண்ணு முன்னாடி ஒண்ணு வரைஞ்சு காட்டு," என்றாள் அம்மா.

கூட்டத்தோடு நின்றிருந்த மகள் அண்ணனைப் பின்னறைக்கு இழுத்துப்போய், கைப்பையிலிருந்த கட்டுத்துணியை அவன் வலது கையில் சுற்றினாள். "சுளுக்குன்னு சொல்லு."

அம்மா கட்டைப் பார்த்தாள். "அதனால என்ன? இந்தக் கோடெல்லாம் இடது கை போட்டது. சாய்வைப் பார்த்தாலே தெரியுதே. இடது கை சும்மாதானே இருக்கு?"

மகள் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அண்ணன் வரைந்தான். பூனை, பல்வலி வந்த தலையணை போல வந்தது.

"வடிவத்தையே துறந்துட்டார்!" என்று விமர்சகர் கத்தினார். கரி கலைந்துவிடாமல் உரிமையாளர் அதன் ஓரத்தில் 'விற்பனையாகிவிட்டது' என்று ஒட்டினார்.

"இது அந்தக் கை இல்ல," என்றாள் அம்மா. "யாருடா நீ?" முகமூடியைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி... ஒரு பாலிசி விஷயமா வந்தேன்."

"நீயா? ஸ்கேல் வெச்சுக்கூட உனக்கு நேர்க்கோடு வராதே!"

உரிமையாளர் சட்டென்று கை தட்டினார். "இதுவும் கண்காட்சியில ஒரு பகுதிதான்!" எல்லோரும் தட்டினார்கள். சங்க உறுப்பினர்களும் தட்டினார்கள்.

அம்மா தட்டவில்லை. "இது மோசடி. உண்மையா வரைஞ்சவங்க வர்ற வரைக்கும் ஒரு படம்கூட இங்க இருக்கக் கூடாது. எல்லாத்தையும் கழட்டுங்க." சொல்லிக்கொண்டே முதல் பலகையில் கை வைத்தாள்.

பதினைந்து பலகைகள். வாயைத் திறந்தால் அம்மா. திறக்காவிட்டால் அத்தனையும் போச்சு. மகள் ஓரடி முன்னால் வந்தாள்.

"அம்மா, அது..."



அப்போது வாசலில் உட்கார்ந்திருந்த வரவேற்புப் பெண், பதிவேட்டின் கையெழுத்தையும் கையிலிருந்த ஒரு தாளையும் மாறி மாறிப் பார்த்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"மேடம், நீங்க அனுப்பின விண்ணப்பத்துல 'ஓவியர்: என் மகள்'னுதானே எழுதியிருக்கீங்க? இந்த ஆள் எப்படி உள்ள வந்தார்?"