காதுகுத்து வீட்டில் உன் கேசட்

காளவாசல், மதுரை.
14.2.1983

அன்புள்ள மருமகன் சத்தியசீலனுக்கு,

தாய்மாமன் ஞானமுத்து எழுதிக்கொண்டது. மாதாவின் தயவால் இங்கே உன் அத்தையும் நானும் சுகம். சென்னையில் நீயும் உன் மனைவி ஆனிமேரியும் சுகமாயிருக்க வேண்டுமென்று சாயங்கால ஜெபமாலையில் தினமும் ஒரு மணி கூடுதலாகவே உருளுகிறது.

நீ அனுப்பிய கேசட் பத்திரமாக வந்து சேர்ந்தது. வெளிவராத இரண்டு சினிமாவுக்கும் ஒளிபரப்பாகாத ஒரு டெலிவிஷன் நாடகத்துக்கும் நீ அமைத்த பின்னணி இசை, உலகத்தில் வேறு யாரும் கேட்காதது, அதை எங்களுக்கென்று கொடுத்தாயே, முதலில் அதற்கு நன்றி. டெலிவிஷன் நாடகம் நின்றுபோனதற்கு ரொம்ப வருந்தாதே. ஒளிபரப்பியிருந்தாலும் மதுரையில் பார்க்க எங்களுக்கு வழியில்லை. ‘மாமா, கேட்டுவிட்டு ஒரு வார்த்தை எழுதுங்கள். இது யார் மனசுக்கும் எட்டாது என்றால், அம்மா பார்த்து வைத்திருக்கும் திருமங்கலம் பஞ்சாலை குமாஸ்தா வேலைக்கே வந்துவிடுகிறேன்’ என்று எழுதியிருந்தாய். ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் ஒரு வார்த்தையில் பதில் கேட்டது உன் பிழை. உதாரணத்தோடுதான் எனக்குச் சொல்ல வரும்.

நம் வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லாததால், முனையில் மைக் செட் வாடகைக்கு விடும் மலைச்சாமியின் கடைக்குப் போனேன். அவர் தொழிலெல்லாம் இசைத்தட்டில்தான். மேலூர்ச் சந்தையில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தாரே தவிர, போட ஒரு கேசட்கூட இல்லாமல் அது சும்மா கிடந்தது. உன் கேசட்தான் அதன் முதல் போணி. முதல் துண்டு, கோழித் திருடனை ஊரே துரத்துகிற தமாஷ் காட்சிக்கு என்று எழுதியிருந்தாய் அல்லவா, சிரிக்கத் தயாராக உட்கார்ந்தோம். கோழி வரவில்லை. வயலின்கள் அப்படியொரு துக்கத்தை இழுத்து இழுத்துச் சொல்ல, மலைச்சாமியின் மனைவி பாண்டியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாரு செத்தா சார்?” என்று கேட்டாள். நீ பக்கத்தை மாற்றி எழுதியிருப்பாய், பள்ளியிலும் வினா எண்ணை மாற்றிப் போடுகிற பையன்தான் என்று உன் சார்பில் நானே சமாதானம் சொன்னேன். மறுபக்கமும் அதே துக்கம்தான். நடுவில் ஆனிமேரி ஹம்மிங் பாடியிருப்பதாக எழுதியிருந்தாய். குரல் பாதிரியார் குரல் மாதிரி இருக்கிறது. பிள்ளைக்கு நெஞ்சுச் சளி போலும். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடு, பாடுவதை ஒரு மாதம் நிறுத்தட்டும்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கடையில் கூட்டம். பாட்டில்லாத இசையை இத்தனை பேர் உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு படம் ஓட்டினார்கள். ஒருவருக்கு அது ரயிலில் போகும் மகளுக்குத் தகப்பன் கையசைக்கும் கட்டம், இன்னொருவருக்கு மழையில்லாமல் வெடித்த கண்மாய். உன் படத்துக்கு வேண்டுமானால் தயாரிப்பாளர் ஓடிப்போயிருக்கலாம், காளவாசலில் அது தினம் ஒரு கதையாக ஓடியது.

இப்போது முக்கியமான உதாரணத்துக்கு வருகிறேன். போன வாரம் மலைச்சாமியின் மகள் தங்கப்பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. தாய்மாமன் வெள்ளைத்துரையோ இந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருடமாகிறது. காரணம், ஊர்ப் பொங்கலில் நன்கொடை கொடுத்தவர்களை மலைச்சாமி மைக்கில் வாசித்தபோது மச்சினன் பெயரை மூன்றாவதாக வாசித்துவிட்டார். காதுகுத்து அன்றைக்குச் சீர்த்தட்டுகளோடு வந்த மனிதர் ரோட்டோர வேப்பமரத்தோடு நின்றுவிட்டார். சமாதானம் பேச என்னை அனுப்பினார்கள்.

“அதே மைக்குல எம்பேரை மொதல்ல சொல்லச் சொல்லுங்க சார், வாரேன்” என்றார் அவர்.

பந்தலுக்கு வந்து சொன்னால், “மொதல்ல உள்ள வரச் சொல்லுங்க, சொல்றேன். அம்புட்டு வீம்புன்னா எனக்கும் இருக்கு” என்றார் இவர்.

வெயிலில் நான் நாலு நடை நடந்தேன். பாண்டியம்மாள் தம்பியையும் பார்க்காமல் புருஷனையும் பார்க்காமல் பிள்ளையின் தலையையே தடவிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து இசைத்தட்டின் மேல் ஓடும் முள் முறிந்தது. பந்தல் ஊமையாக இருக்கக் கூடாதென்று மலைச்சாமி அவசரத்தில் உன் கேசட்டைப் போட்டார். மைக் செட்டின் இரண்டு குழாயிலும் உன் வயலின்கள் கிளம்பி ரோடு முழுக்கப் பரவின. வேப்பமரத்தடியில் வெள்ளைத்துரையின் மீசை நடுங்கியது. “எங்கய்யாவை எடுத்தன்னிக்குக்கூட எனக்கு இப்பிடி அழுகை வரல சார்” என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பந்தலுக்குள் நடந்து, அக்காள் காலடியில் வைத்துவிட்டு விம்மினார். மலைச்சாமி மைக்கைப் பிடித்து, அழுதுகொண்டே மச்சினன் பெயரை மூன்று தடவை சொன்னார். காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “கண்ணு கலங்கிருச்சுய்யா, காது தெரிய மாட்டேங்குது” என்றார். அத்தனை பேரும் அழ, மாமன் மடியில் இருந்த தங்கப்பொண்ணு மட்டும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கு என்ன தெரியும்?

ஆகவே மருமகனே, யார் மனசுக்கும் எட்டாது என்று இனி எழுதாதே. திருமங்கலம் வராதே. பஞ்சாலைக்கு வேறு குமாஸ்தா கிடைப்பார். உன் அம்மா இன்னாசியம்மாளிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன். அவள் திட்டினால் தாய்மாமன் சீர் என்று வாங்கிக்கொள்கிறேன். எங்களுக்கு நீ கொடுத்ததற்குத் திருப்பித் தர என்னிடம் ஆசீர்வாதம்தான் இருக்கிறது. அது குறையாமல் உங்கள் இருவருக்கும்.

இப்படிக்கு,
நன்றியுள்ள மாமன்,
ஞானமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் மலைச்சாமி ஆளனுப்பினார், கடைக்குப் போனேன். டேப் ரிக்கார்டரைத் துடைக்கத் திறந்தவர், உள்ளே சுற்றும் ரப்பர் பெல்ட் தொங்கிப் போயிருப்பதைப் பார்த்துப் புதிது மாட்டியிருக்கிறார். இத்தனை நாளும் உன் கேசட் பாதி வேகத்தில்தான் ஓடியிருக்கிறது. இப்போது கோழி தெளிவாக ஓடுகிறது. பின்னால் ஊரும் ஓடுகிறது. உன் எழுத்தில் பிழையில்லை, மன்னித்துக்கொள். ஆனிமேரி குயில் மாதிரி பாடியிருக்கிறாள், கஷாயத்தை நிறுத்தவும். தங்கப்பொண்ணு ஒருத்திக்குத்தான் அன்றே கோழி தெரிந்திருக்கிறது.

வெள்ளைத்துரையும் கடையில் இருந்தார். “அப்ப நான் அம்புட்டு சனத்துக்கு முன்னாடி ஒரு கோழிக்கா அழுதேன் மச்சான்?” என்றார். “அதுக்கென்ன மாப்ள, குத்துன காதைத் திரும்ப அடைக்கவா போறோம்?” என்றார் மலைச்சாமி. கொஞ்ச நேரம் முறைத்தவர், கோழி இரண்டாவது சுற்று வந்தபோது சிரிக்க ஆரம்பித்தார், தண்ணீர் கொடுத்துத்தான் நிறுத்தினோம். “சாரு மருமகனை அங்கனயே இருக்கச் சொல்லுங்க” என்றார். ஆகவே மேலே சொன்ன காரணம் தப்பு, தீர்ப்பில் மாற்றமில்லை.

பழைய பெல்ட்டை மலைச்சாமி எறியவில்லை. அடுத்த மாதம் மேலூரில் பங்காளிகள் முகம் பாராத ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் பேசியிருக்கிறார்கள். அந்தப் பெல்ட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொன்னார்களாம்.