மச்சினியின் பின்னங்கால்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகளும், தாங்கள் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன தங்கள் இளைய மகளும் சுகம். தங்கள் முட்டிவலியும் அத்தையின் இருமலும் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இளைய மகள் என்று குதிரையைத்தான் சொல்கிறேன். அப்படிச் சொல்லிப் பழக்கியது தாங்கள். அந்த முறையில் அது எனக்கு மச்சினி. மச்சினியை லாயத்தில் கட்டிவிட்டுக் கிளம்பும்போது தாங்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, குதிரை டாக்டர் வந்தா நீங்க வீட்டுக்குள்ள போயிடுங்க. அதுவே பெரிய உதவி" என்று சொன்னது தங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. மாமா, நேற்று டாக்டர் வந்தார். நான் வீட்டுக்குள் போகவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்றுக் காலை மச்சினி இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. தீனியையும் தொடவில்லை. தங்கள் மகள் குளம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுப்பு மாதிரி கொதிக்குதுங்க" என்றாள். டாக்டரம்மா வந்தார், லாடக்காரரும் கூடவே வந்தார். குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கிறது, இன்றே திறந்துவிடாவிட்டால் மேலே ஏறிவிடும், பிறகு கால் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. "மயக்க ஊசி போடலாமே" என்றேன். "வயசான குதிரை, இதயமும் சரியில்ல. முடிஞ்ச வரைக்கும் வேண்டாம்னு பாக்கறேன். தலையப் புடிச்சுக்க யார் வர்றீங்க?" என்று கேட்டார். வழக்கமாகப் பிடிப்பவள் தங்கள் மகள். அவள் போன வாரம் மாடிப்படியில் வழுக்கி, வலது கையில் மாவுக்கட்டோடு ஜன்னலில் நிற்கிறாள். லாடக்காரர் காலைத் தூக்க வேண்டும், டாக்டரம்மா கத்தி பிடிக்க வேண்டும். மீதி நான்தான்.

"ரொம்ப சுலபம் சார். நான் எந்தப் பக்கம் நிக்கறேனோ நீங்களும் அதே பக்கம். நேரா எதுத்தாப்ல நிக்காதீங்க. கயித்தக் கையில சுத்திக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. நான் எதிரில் நின்றேன், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். பயத்தில் காது கேட்டது, கை கேட்கவில்லை. மச்சினி ஒரு தரம் தலையை உதறினாள். என் கண்ணாடி வைக்கோலுக்குள் போய் விழுந்தது, நான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தேன். ஜன்னலிலிருந்து, "ஏங்க, பக்கத்துல நில்லுங்கன்னா!" என்று ஒரு குரல். சரி, பிடித்தால்தானே இந்த வம்பு, கட்டிவிடுவோம் என்று பக்கத்தில் இருந்த லாயக் கதவில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். மச்சினி பின்னால் இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை மாமா, அதில் எனக்குப் பெருமைதான். கதவுதான் கழன்று வந்தது. கதவையும் இழுத்துக்கொண்டு முற்றத்தில் அவள் நொண்டி நொண்டிச் சுற்ற, லாடக்காரர் குறுக்கே புகுந்து கயிற்றை அறுத்துப் பிடித்தார். "ஆடற பொருள்ல குதிரையக் கட்டுவாங்களாண்ணே?" என்றார். நான் வைக்கோலுக்குள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது உதட்டுக் கட்டை. தங்களுக்குத் தெரியாததா, கட்டை நுனியில் ஒரு கயிற்று வளையம், அதில் மேலுதட்டைச் சிக்கவைத்து முறுக்கினால் குதிரை அடங்கும் என்கிறார்கள். டாக்டரம்மா மாட்டிக் கொடுத்தார், நான் ஒரு முறுக்கு முறுக்கினேன், மச்சினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டேன். கட்டை பறந்து லாடக்காரர் தோளில் விழுந்தது. "சார், நீங்க யாரு பக்கம்?" என்று டாக்டரம்மா கேட்டார். மயக்க ஊசிப் பெட்டியைத் திறக்கவும் ஆரம்பித்துவிட்டார், யோசித்துக்கொண்டேதான்.

அப்போதுதான் கவனித்தேன். மச்சினி நடுங்கிக்கொண்டிருந்தாள். முரட்டுத்தனம் இல்லை மாமா, பயம். என் சலூன் நாற்காலியில் முதல் தடவை உட்காரும் குழந்தைகள் இப்படித்தான் நடுங்கும். பெரியவர்கள் பிடித்து அமுக்க அமுக்க அதிகமாகும். இத்தனை வருஷம் கத்தரியும் கையுமாக நின்றவனுக்கு அதுகூடத் தெரியாதா? "டாக்டர், ஒரே ஒரு நிமிஷம்" என்றேன். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, டாக்டரம்மா நிற்கும் பக்கமே தோளோரம் நின்று, பிடரி மயிர் முடிகிற இடத்தில் விரல்களை வைத்து, தலை மசாஜுக்குப் பிடிப்பது போலப் பிடிக்க ஆரம்பித்தேன். வாயும் தானாகத் திறந்துகொண்டது. "வாங்க வாங்க, பாத்து ரொம்ப நாளாச்சு. ஷார்ட்டா வெட்டலாமா, மீடியமா? கிருதா இருக்கட்டுமா, எடுத்துடலாமா? வெயில் என்னமா அடிக்குது பாருங்க. வீட்ல எல்லாரும் சுகமா?" லாடக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. மச்சினியின் காது என் பக்கம் திரும்பியது. தலை மெல்ல இறங்கியது. கீழுதடு தொங்கியது மாமா, என் சனிக்கிழமை வாடிக்கையாளர்களுக்குத் தொங்குவது போலவே! லாடக்காரர் காலைத் தூக்கினார், கொடுத்தாள். டாக்டரம்மா குளம்பின் அடியைச் செதுக்கச் செதுக்க, கறுப்பாகச் சீழ் பீறிட்டு வந்தது. அந்த நாற்றத்தில் எனக்குத்தான் தலை சுற்றியது. கை மட்டும் நிற்கவில்லை. கழுவி, மருந்து வைத்துக் கட்டுப் போட்டு முடித்தார்கள். மச்சினி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். காலைத் தரையில் வைத்தாள். ஊன்றினாள்!

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பார்த்தால் தங்கள் மகள் முற்றத்துக்கு வந்து, மாவுக்கட்டுக் கையை என் தோளில் போட்டுக்கொண்டு அழுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சாயங்காலம் மச்சினி தீனி தின்றாள். இரண்டாவது தரமும் கேட்டாள்.

ஆகவே, மாமா, என்னைப் பற்றிய கவலையைத் தாங்கள் இனி விட்டுவிடலாம். உதவிக்கு வருகிறேன் என்று ரயிலேறிச் சிரமப்பட வேண்டாம். எப்பேர்ப்பட்ட குதிரையானாலும் இனி இந்த வீட்டில் அதன் தலையைப் பிடிக்க ஆள் இருக்கிறது. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் இருவர் ஆசியும் எங்கள் மூவருக்கும் என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுக்குள் போகாத தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடையில் உட்கார்ந்து எழுதி முடித்து, உறையில் போடப் போனேன். வாசல் இருட்டியது. லாடக்காரர்! அவர் பின்னால் கறுப்பாக, கதவு உயரத்துக்கு ஓர் ஆண் குதிரை. "அண்ணே, ஊரெல்லாம் சொல்லிட்டேன்! இவன் லாடம் அடிக்க விடமாட்டேங்கறான், ரெண்டு பேரக் கடிச்சுட்டான். நீங்க சும்மா தலையப் புடிச்சா போதும்" என்கிறார். பாதி ஷேவிங்கில் இருந்த ஒருவர் நுரையோடு ஓடிவிட்டார். இதை நான் கடையின் பின்னறையில், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கதவைத் தட்டுவது லாடக்காரரா குதிரையா என்று தெரியவில்லை. ரயிலேற வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். உடனே புறப்பட்டு வரவும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டால் மிகவும் நல்லது.