துஷ்டி வீட்டுக்கு டிக்கெட் எண் 214

சங்கரன்கோவில்,
வியாழக்கிழமை காலை.

மரியாதைக்குரிய அத்தான் துரைப்பாண்டி அவர்களுக்கு, மைத்துனன் காசிராஜன் தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. துக்க வீட்டுக்குப் போகும் கடிதத்தில் நலம் சொல்லவும் கூடாது, நலம் கேட்கவும் கூடாது. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக அரைமணி நேரம் போயிற்று. கடிதம் வந்த சேதியை ராஜேஸ்வரி அக்காளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் இது நேரே அடுப்புக்குப் போய்விடும். மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருக்கும் என் வீட்டுக்காரி கனகலட்சுமி தினமும் போனில் என்னைத் திட்டுகிறாள். அதையே தன் வணக்கமாக உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னாள்.

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அது நியாயம். போன் விஷயத்தில் உங்களிடம் எதையும் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நர்சிங் ஹோமில் பிரிண்டர் நின்றால் எனக்குப் போன், விசைத்தறிச் சங்கத்தில் பில் மெஷின் தகராறு செய்தால் எனக்குப் போன், எல்லாவற்றையும் நாள்காட்டித் தாளின் முதுகில் எழுதி ஆணியில் குத்தி வைப்பேன். போன ஆனியில் காற்றடித்து நாலைந்து தாள் பறந்துபோனது. அதில் ஒன்று பள்ளிக்கூடத்து லேப். இருபத்தொரு நாளாகப் பிள்ளைகள் அணைந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர் போட்டுக் குடுங்க, இல்லைன்னா வேற ஆளப் பாக்கோம்" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் புகாருக்கு டிக்கெட் எண் போடும் சாப்ட்வேர் ஒன்று வாங்குவது என்று கிளம்பினேன்.

மூன்று வந்து நின்றது. ஒன்று சும்மா கிடைப்பது. சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. இரண்டாவது பெரிய கம்பெனியுடையது. பிரிண்டரில் பேப்பர் சிக்கியதைப் பதிவதற்குப் பதினேழு கட்டம் நிரப்ப வேண்டும். மூன்றாவதைச் சென்னையிலிருந்து காவியா என்ற பெண் வீடியோவில் விரித்து விரித்துக் காட்டினாள். உங்களிடம்கூட யோசனை கேட்டேன். "ரெண்டு கஸ்டமரை மட்டும் அதுல விட்டு ஒரு மாசம் பாருல, பெறவு மொத்தமா மாறலாம்" என்றீர்கள். நான் கேட்டேனா? மூன்று பெயரையும் சீட்டில் எழுதி, அரளிப் பூவோடு பொட்டலம் மடித்து, கோமதியம்மன் சந்நிதியில் போட்டு, கும்பிட வந்த ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னேன். பெண் எடுக்கப் பூக்கட்டிப் பார்ப்பார்கள், நிலம் வாங்கப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சாப்ட்வேர் வாங்கப் பூக்கட்டிப் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வந்தது மூன்றாவது. அம்மன்மேல் பழி போட மாட்டேன். மூன்றில் எது என்றுதான் கேட்டேன். வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்கவே இல்லை.

பதினைந்து வருஷமாகக் கடைப் பலகையிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முதுகிலும் ஒட்டியிருப்பது என் சொந்த நம்பர்தான். அதையே சாப்ட்வேருக்குத் தாரை வார்த்தேன். அன்றுமுதல் யார் கூப்பிட்டாலும் ஒரு பெண் குரல், "பிரிண்டர் பழுதுக்கு ஒன்றை அழுத்தவும், கேமரா பழுதுக்கு இரண்டை அழுத்தவும், மற்றவைக்கு ஒன்பதை அழுத்தவும்" என்று பேசும். செய்தி அனுப்பினால் தானாகவே எண் போட்டு, தானாகவே பதில் அனுப்பி, தானாகவே ஆளையும் அனுப்பும். ஒரு மாதம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை அத்தான். ஒரு புகார்கூடத் தவறவில்லை.

இரண்டு வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை, மாமா மூக்காண்டி கண்ணை மூடினார். பெற்ற தகப்பன் போன கையோடு, சம்பந்தி வீட்டுக்கு மகன்தான் சொல்ல வேண்டும் என்ற முறைக்காக, அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் குரலை முழுக்கக் கேட்டு, ஒன்பதையும் அழுத்தியிருக்கிறீர்கள். பிறகு "அப்பா போயிட்டாக, ஒடனே வா" என்று செய்தி போட்டீர்கள். இரண்டு நொடியில் என் நம்பரிலிருந்து பதில் வந்தது: "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. டிக்கெட் எண் 214. எங்கள் பிரதிநிதி நான்கு மணி நேரத்தில் தங்கள் இடத்துக்கு வருவார். தங்கள் பொறுமைக்கு நன்றி." பதில் வந்துவிட்டது என்பதால் வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்கு மணி நேரம் என்று நானே எழுதியிருக்கிறேன் என்று நம்பி, சம்பந்தி வீட்டு மாலையும் கோடி வேட்டியும் வராமல் எடுக்கக் கூடாது என்று, மாமாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு ஊரே காத்திருந்திருக்கிறது. அந்த நாசமாய்ப் போன சாப்ட்வேர் நான்கு மணி நேரத்தைக் கடை திறக்கும் பத்து மணியிலிருந்து எண்ணும் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்? அதே நேரத்தில் நான் பள்ளிக்கூடத்துத் தாளாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, திரையில் புதிதாக ஏறிய ஒரு வரியைக் காட்டி, "பாத்தீகளா, நான் தொடவே வேண்டாம், எல்லாம் அதுவே பாத்துக்கிடும்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வரி மாமாதான் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் பிரதிநிதி வந்தான். எங்கள் மெக்கானிக் ஃபாரூக். அவன் போனில் பெயரும் ஊரும் மட்டும்தான் தெரியும். உங்கள் வீட்டுக் கேமராவில் கோளாறு என்று நினைத்து, பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு கரிவலத்துக்கு வந்திருக்கிறான். சம்பந்தி வீட்டு மாலைக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு முன்னால் ஏணி வந்து இறங்கியது. நல்ல பிள்ளை, விஷயம் தெரிந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு, அதே ஏணியில் ஏறி சாமியானா கட்டியிருக்கிறான், மயானம் வரை கூடவே நடந்திருக்கிறான். என்னை நாலு தடவை கூப்பிட்டிருக்கிறான். நாலு தடவையும் அவனுக்கும் "பிரிண்டர் பழுதுக்கு ஒன்று"தான்.

சாயங்காலம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, நீங்க ஏன் வரல?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.  திரையைத் திரும்பிப் பார்த்தேன். 214 பச்சை நிறத்தில் இருந்தது. குறித்த நேரத்துக்குள் ஆள் போய்ச் சேர்ந்தால் பச்சை.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நீங்கள் சபையில் வைத்து, "எங்க அப்பா எத்தனாவது நம்பர், மாப்ள?" என்று கேட்டீர்கள்.  "பதினாறுக்கு உருமா கட்ட நீ வரவேண்டாம். அன்னைக்கும் யாரையாவது ஏணியோட அனுப்புவ" என்றீர்கள். அதோடு விட்டதா? மூன்றாம் நாள் உங்களுக்கு, "எங்கள் சேவை எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்?" என்று என் நம்பரிலிருந்து செய்தி வந்ததாம். அன்றே அந்தச் சாப்ட்வேரைத் தலைமுழுகிவிட்டேன். இப்போது போன் என் கையில்தான் இருக்கிறது, எந்தக் குரலும் குறுக்கே வராது.

ஆனால் சாப்ட்வேரைத் திட்டித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை அத்தான். இதுவரை கனகலட்சுமியிடம்கூட ஒன்றைச் சொல்லவில்லை. நம்பரை மாற்றின அன்று காவியா கேட்டாள்: "சார், பத்து நம்பர் கொடுங்க. அவங்க கூப்பிட்டா மெஷின் குறுக்க வராது, நேரா உங்களுக்கே வரும்." நான் பத்தும் கொடுத்தேன். டாக்டரைக் கொடுத்தேன், தாளாளரைக் கொடுத்தேன், சங்கத்துச் செயலாளர்கள் மூன்று பேரைக் கொடுத்தேன். பத்தாவதாக, என்றைக்காவது ஆர்டர் தரலாம் என்று ஒரு மரக்கடைக்காரரைக் கொடுத்தேன். உங்கள் நினைவு வராமல் இல்லை. 'அத்தான்தானே, அவருக்கு என்ன அவசரம் வரப்போகுது' என்று நினைத்தேன். திங்கட்கிழமை தவறாமல் சந்தைக்கு வந்து, பஸ் வரும்வரை என் கடை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "ஏலே காசி, சாப்பிட்டியா?" என்று கேட்டுப் போவாரே மாமா, அவர் வீட்டு நம்பர் அந்தப் பத்தில் இல்லை. என் தப்பு அதுதான். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நாளை வெள்ளியோடு பதினாறு. கோடி வேட்டியும் உருமாலும் வாங்கி வைத்துவிட்டேன். மச்சினன் உயிரோடு இருக்க வேறு ஆள் உங்கள் தலையில் உருமால் கட்டினால், அதற்குப் பிறகு நான் என்ன முகத்தோடு கரிவலம் பஸ்ஸில் ஏறுவது? பந்தியில் எனக்கு இலை வேண்டாம். யாரோடும் பேச மாட்டேன். கட்டிவிட்டு உடனே திரும்பிவிடுகிறேன். இதை ஃபாரூக் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், வரலாம் என்று ஒரு வார்த்தை அவனிடமே சொல்லியனுப்புங்கள். அது வரும்வரை கடையை விட்டு நகர மாட்டேன்.

மாமாவின் ஆத்மா சாந்தியடையவும், அவர் ஆசி நம் பிள்ளைகளுக்கு என்றும் இருக்கவும் சங்கரலிங்க சுவாமியை வேண்டிக்கொண்டு, உங்கள் காலில் விழுந்து முடிக்கிறேன்.

உங்கள் மைத்துனன்,
காசிராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஃபாரூக் பைக்கை அணைக்காமலே வாசலில் வந்து கத்தினான். நீங்கள் அவனுக்குப் போன் செய்தீர்களாம். "பதினாறு வெள்ளியில விழுதுன்னு இன்னைக்கே வச்சாச்சு. கூப்பிட்டாத்தான் வருவானா அவன்? கோவத்துல ஆயிரம் சொல்லுவோம், அதுக்காக வீட்டுல உக்காந்துருவானா? தல முழுகிட்டு அரைமணி நேரமா ஈர வேட்டியோட உக்காந்திருக்கேன். அவனத் தூக்கிப் போட்டுக் கூட்டிட்டு வாப்பா" என்றீர்களாம். அத்தான், மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். உருமாலை எடுத்துக்கொண்டேன், பைக்கில் ஏறப்போகிறேன். நான் வந்து சேரும்வரை தலையையாவது துவட்டிக்கொண்டு இருங்கள்.